லூசில் படம் வராது

பாக்கெட்டாக வாங்கினால்தான் அந்த ஆள் வருவார்.
ஒற்றை ஒற்றையாக வாங்குகிறவர்களுக்கு
வெள்ளைத் தண்டு, கயிற்றில் கட்டிய லைட்டர், அவ்வளவுதான்.
எச்சரிக்கை என்னிடமே தங்கிவிடும்.

ஓட்டேரியில் எங்கள் பெட்டிக்கடை
பள்ளிக்கூட கேட்டிலிருந்து நூற்று நான்கு கெஜம்.
அதிகாரி டேப் போட்டு அளந்த அன்று
மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றது லோகித்,
யூனிஃபார்மோடு.
"கரெக்டா இருக்கு சார்."

பதினெட்டுக்குக் கீழே விற்கமாட்டோம் என்கிற பலகை
சிப்ஸ் சரத்துக்குப் பின்னால் தொங்குகிறது.
விற்கிற எனக்கே பதினாறு.
அப்பா சரக்கெடுக்கப் போனால் எட்டு மணிவரை கல்லாவில் நான்.
மடியில் பிளஸ் ஒன் விலங்கியல்.
அதில் நுரையீரல் இளஞ்சிவப்பாக
இன்னும் யாரும் குடிவராத வீடு மாதிரி இருக்கிறது.

பாக்கெட்டில் கழுத்து புண்ணாகிப்போன ஆளுக்கு
பையன்கள் வைத்த பேர் தாமோதரன்.
ஏன் தாமோதரன் என்றேன்.
"பாத்தா தாமோதரன் மாதிரி இல்ல?" என்றான் தமீம்.
பார்த்தேன்.
இருந்தது.

"தாமோதரனுக்கு ஒரு டீ சொல்லு மச்சி."
"இன்னா தாமு, தூங்கலியா நேத்து?"
தியேட்டரில் படத்துக்கு முன்னால் வரும் அந்தக் குரலோடு
சேர்ந்தே சொல்வார்களாம், ஓர் எழுத்து பிசகாமல்.
மனப்பாடச் செய்யுளில் கோட்டைவிடுகிற அதே வாய்கள்.

பயமே இல்லை என்று சொல்லமாட்டேன்.
ஜெப்ரின் பிறந்தநாளுக்கு முதல் தடவையாக
முழு பாக்கெட் கேட்டான். கொடுத்தேன்.
கட்டைவிரலால் படத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.
"வேற படம் போட்டது இருக்கா?"
எதை எடுத்தாலும் இதேதான்.
"அப்ப பத்தையும் லூசா குடுத்துடேன்."

அவன் கண்ணெதிரிலேயே பிரித்து
பத்தையும் எண்ணி உள்ளங்கையில் வைத்தேன்.
காலி டப்பா கல்லாவில் இருக்கிறது.
ஒரு ரூபாய்க் காசெல்லாம் இப்போது தாமோதரனுக்குள்.

எதிர்ச் சந்தில் மதில்மேல் சாய்ந்த கொய்யா.
வீட்டுக்குப் போகுமுன் வாய்க்கு நாலு இலை வேண்டும்.
பத்தாவது படிக்கிறவன் எம்பினால் எட்டும் உயரம்வரை
மரம் மொட்டை.
அதற்கு மேலே பச்சையும் காயுமாகக் கிடக்கிறது.
வீட்டுக்காரர் ஒரு தகரம் மாட்டினார்: இலை பறிக்காதீர்.
மறுநாளே அதில் பால்பாயின்ட்டில்
தாமோதரன்.

லோகித் போன வருஷம்வரை நானூறு மீட்டர் ஓடியவன்.
நேற்று இருபத்தொன்பது சி நகர்ந்துவிட்டது.
புட்போர்டிலிருந்து மூன்று கைகள் நீண்டன,
வாடா வாடா என்று ஒரே சத்தம்.
விரல் நுனிவரை போனான்.
அப்புறம் பஸ் மட்டும் போனது.

ஈபி பெட்டியில் சாய்ந்து
முழங்காலில் கை ஊன்றி
வெகுநேரம் தரையைப் பார்த்தான்.
கடைக்கு வந்து, "தம் இல்லப்பா" என்றான்,
மூச்சைத்தான் சொன்னான்.
எப்போதும் அந்த வார்த்தைக்குச் சிரிக்கிற தமீம்
சிரிக்கவில்லை.

தண்ணீர் பாக்கெட் ஒன்றைக் கடித்துக் குடித்தான்.
வாயைத் துடைத்தான்.
பிறகு இருபது ரூபாயை நீட்டினான்,
எப்போதும்போல.

தீர்ந்துடுச்சு என்றேன்.
என் முதுகுக்குப் பின்னால் நாலு பாக்கெட் பிரிக்காமல் இருந்தது.
அவனுக்கு அது தெரியும்.
எனக்கு டியூஷன் ஃபீஸ் எதிலிருந்து வருகிறது என்பதும் தெரியும்.
ஒன்றும் சொல்லவில்லை.
திருப்பத்துக் கடைப்பக்கம் நடந்தான்,
மெதுவாகத்தான்.
வாங்கினானா என்று எட்டிப் பார்க்கலாம்.
லாரி ஒன்று மறைத்துக்கொண்டு நின்றது.

ராத்திரி கணக்குப் பார்த்த அப்பா
"தெனம் போற ஒண்ணு இன்னிக்கு நிக்குதே" என்றார்.
நான் தாமோதரனைத் திறந்து
சில்லறையை
பலகையில் கொட்டினேன்.